பெருநகரைச் சுற்றி ஒரு நாள் குடும்ப உலா: முதல்முறை திட்டமிடுபவர்களுக்கு

சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்த பிறகுதான் பல வீடுகளில் அந்தக் கேள்வி கிளம்பும்: "நாளைக்கு எங்கேயாவது போகலாமா?" உடனே யாராவது ஒருவர் போனை எடுத்து, அருகில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று தேடுவார். பத்து இடம் வரும். நகரத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அதே பத்து இடம்தான் வரும். மறுநாள் காலை அத்தனை பேரும் ஒரே சாலையில், ஒரே சிக்னலில் நிற்பார்கள்.

இடத்தை முதலில் தேடுவதுதான் இதில் சிக்கல். கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது, யார் யார் வருகிறார்கள் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். இடம் மூன்றாவதாக வரட்டும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் வட்டம் போடுங்கள்

பெருநகரத்தில் 20 கிலோமீட்டர் என்பதற்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. ஒரு திசையில் அது அரை மணி நேரம், இன்னொரு திசையில் இரண்டு மணி நேரம். அதனால் வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பி வரும் வரை மொத்தம் எத்தனை மணி நேரம் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஒருவழிப் பயணத்துக்குப் போகக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஒன்பது மணி நேரம் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் போக ஒன்றரை, வர ஒன்றரை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் எட்டக்கூடிய தூரம்தான் உங்கள் வட்டம். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மக்கள் சராசரியாக ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994இல் எழுதினார். வாகனங்கள் வேகமாக ஆக ஆக நேரம் மிச்சமாகவில்லை. ஊர்தான் விரிந்துகொண்டே போனது என்பது அவர் வாதம். வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்தை அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கொடுத்தவர்களை விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் காரில் உட்கார வைத்தால் அவர்கள் முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

வரைபடச் செயலியில் இப்போது காட்டும் நேரத்தை நம்பிவிடாதீர்கள். இரவு பத்து மணிக்குப் பார்த்தால் சாலை காலியாகத்தான் இருக்கும். புறப்படும் நாளையும் நேரத்தையும் கொடுத்துப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரத்தைப் பார்ப்பது முக்கியம். காலையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் கிளம்புகிறார்கள். மாலையில் எல்லோரும் ஒன்றாகத் திரும்புகிறார்கள்.

படி 2: மெதுவாக நடப்பவரை வைத்து அளவெடுங்கள்

கூட்டத்தில் யாரால் குறைவாக நடக்க முடியுமோ அவர்தான் அன்றைய தலைவர். மூன்று வயதுக் குழந்தையாக இருக்கலாம், முழங்கால் வலியுள்ள பாட்டியாக இருக்கலாம். அவருக்கு ஒத்துவரும் இடம் மற்ற எல்லோருக்கும் ஒத்துவரும்.

நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது உடல்வலு உள்ளவர், நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. குழந்தைகளோடு போனால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டால் பெருக்குங்கள். எறும்பு வரிசை, வித்தியாசமான கல், குச்சி எல்லாவற்றுக்கும் நின்றுதான் ஆக வேண்டும். அதற்காகத்தானே அழைத்துப் போகிறோம்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் மூன்று கேள்விகள் போதும்: கழிப்பறை எங்கே, உட்கார இடம் எங்கே, படிக்கட்டு எத்தனை. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வேறு மருந்து. இரண்டு இடங்களைச் சொல்லித் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடுங்கள். தானே தேர்ந்தெடுத்த இடத்தைப் பற்றிக் குறை சொல்லக் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

படி 3: இப்போது இடம் தேடுங்கள், பட்டியலில் அல்ல, வரைபடத்தில்

போட்ட வட்டத்துக்குள் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பச்சையாகவும் நீலமாகவும் தெரியும் திட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத ஏரிகள், கால்வாய்க் கரைகள், பழத்தோட்டங்கள், பல்கலைக்கழக வளாகங்கள் எல்லாம் அதில் வரும். எது பொதுமக்களுக்குத் திறந்தது என்று பிறகு பார்க்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தில் நடைபாதைகள், குடிநீர்க் குழாய்கள், கழிப்பறைகள்கூடப் பல ஊர்களில் குறிக்கப்பட்டிருக்கும். தன்னார்வலர்கள் 2004 முதல் சேர்த்துவருவது அது.

அடுத்து, புறநகர் ரயில் பாதைகளின் கடைசி நிலையங்களைப் பாருங்கள். என் கணிப்பில் பெருநகரங்களில் அதிகம் கவனிக்கப்படாத உல்லாச இடங்கள் இவைதாம். தோக்கியோவில் ஷிஞ்சுக்கு நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் 599 மீட்டர் உயரமுள்ள தகாவோ மலையின் அடிவாரத்தில் இறங்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு மலையின் பாதி வரை கேபிள் கார் இருக்கிறது. லண்டனில் சுரங்க ரயிலின் சென்ட்ரல் பாதை எப்பிங் நிலையத்தில் முடிகிறது. பக்கத்தில் இருக்கும் எப்பிங் காடு, மக்கள் பொழுதுபோக்குக்காக 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்பாற்றப்பட்டது. மும்பையில், கடைசி நிலையம் இல்லையென்றாலும், மின்சார ரயிலில் போரிவலியில் இறங்கினால் நூறு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. காட்டுக்குள்ளேயே கன்ஹேரி பௌத்தக் குகைகள். உங்கள் நகரத்திலும் ரயில் தடத்தின் நுனியில் இப்படி ஏதாவது ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். காரில் போனால் ஓட்டுபவருக்கு மட்டும் விடுமுறை இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பயணமே உலாவாக இருக்கும் வழிகளும் உண்டு. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகு சுதந்திர தேவி சிலையைக் கடந்து 25 நிமிடத்தில் மறுகரை சேரும். ஹாங்காங்கில் துறைமுகத்தைக் கடக்கும் ஸ்டார் ஃபெர்ரியின் வரலாறு 1888 வரை போகிறது. இரண்டும் வேலைக்குப் போகிறவர்களின் படகுகள்தாம்; குழந்தைக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. மாடிப் பேருந்தின் முன்வரிசை, பாலத்தின் மேல் ஓடும் மெட்ரோ எல்லாம் இதே வகை.

மூன்றாவது வகை, வேறு எதற்கோ கட்டிப் பிறகு பூங்காவானவை. பெர்லினில் டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008இல் மூடப்பட்டது. 2010 முதல் அதன் ஓடுபாதையில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். நியூயார்க்கில் கைவிடப்பட்ட சரக்கு ரயில் மேம்பாலம் ஹை லைன் என்ற நடைபூங்காவாக 2009இல் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்கள் சமதளமாக இருக்கும். தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் வசதி.

தாவரவியல் பூங்கா, அருங்காட்சியகம், கோளரங்கம் எல்லாம் எல்லோரும் அறிந்தவை. மழைக்கும் கடும் வெயிலுக்கும் அவற்றைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு முக்கிய இடம், அதற்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி இடம் என்று இரண்டோடு நிறுத்துங்கள். ஒரே நாளில் நான்கு இடம் என்பது உலா ஆகாது, பட்டுவாடா.

படி 4: திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

பாரிஸுக்குப் போய் லூவ்ர் அருங்காட்சியகத்தைச் செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அன்றுதான் அதற்கு வார விடுமுறை. அருங்காட்சியகங்கள், உயிரியல் பூங்காக்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும். பொது விடுமுறையை ஒட்டி அது மாறவும் செய்யும். மூடும் நேரத்துக்கு முன்பே நுழைவுச் சீட்டு நிறுத்தப்படும் என்பதையும் கவனியுங்கள். முன்பதிவு கட்டாயமா, வெளி உணவுக்கு அனுமதி உண்டா, பிளாஸ்டிக் பாட்டில் தடையா என்பதை அந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்துவிட்டு, முடிந்தால் ஒரு போனும் போட்டுவிடுங்கள்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரங்களைத் தாண்டிப் போங்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்தான் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, நிழல் இல்லை என்று சொல்வார். புகைப்படங்களைத் தேதி வாரியாக, புதியதிலிருந்து பாருங்கள். மழைக்காலத்தில் எடுத்த அருவிப் படம் கோடையில் வெறும் பாறை.

படி 5: வெயிலை வைத்து நாளை வகுத்துக்கொள்ளுங்கள்

வெளியில் நடப்பது, விளையாடுவது எல்லாம் காலையில். நடுப்பகலில் சாப்பாடு, நிழல், கூரையுள்ள இடம். மாலையில் இன்னொரு குறுகிய நடை. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் எவ்வளவு வலுவானவை என்று காட்டும் எண்ணான யூவி இண்டெக்ஸ் 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனில் பார்க்க மறந்துவிட்டால் உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிட நிழல் குட்டையாக இருந்தால் தொப்பியும் நிழலும் தேவை. சன்ஸ்கிரீன் பூசுபவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் தண்ணீரில் நனைந்த பிறகும் மறுபடி பூச வேண்டும்.

மாலையில் எவ்வளவு வெளிச்சம் மிச்சம் என்று தெரிய ஒரு வழி: கையை முன்னால் நீட்டி, விரல்களைக் கிடைமட்டமாக அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் அடுக்குங்கள். ஒரு விரலுக்கு ஏறக்குறைய கால் மணி நேரம். சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம் என்று குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காரில் வாந்தி எடுக்கும் குழந்தைகள் பெரும்பாலும் 2 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்கள். கண் போனைப் பார்க்கிறது, உள்காது ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் முரண்படுவதால் வரும் கோளாறு அது. திரையை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: பை

தேவைக்கு மேல் தண்ணீர், ஆளுக்கு ஒரு மாற்று உடை, துண்டு, வழக்கமான மாத்திரைகள், காயத்துக்கு ஒட்டும் பட்டை, பவர் பேங்க், குப்பைக்கு ஒரு காலிப் பை. சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரம்தான். அதனால் குளிர்பெட்டி இல்லையென்றால் கெடாத உலர் பண்டங்களும் பழங்களுமே மேல்.

கூட்டமான இடம் என்றால் கிளம்பும்போதே குழந்தையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் நினைவுக்கு வராது. உங்கள் போன் எண்ணைக் குழந்தையின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

படி 7: தண்ணீரும் இடியும்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

கடற்கரையில் அலைகள் உடையும் வெள்ளை நுரைக்கு நடுவே ஓர் இடம் மட்டும் அமைதியாக, கருமையாகத் தெரிந்தால் அதுதான் பாதுகாப்பான இடம் என்று தோன்றும். பெரும்பாலும் அதுதான் கரைக்கு வந்த நீர் கடலுக்குள் திரும்பிப் பாயும் வழி. அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. மிதந்தபடி உதவிக்குக் கையசைக்க வேண்டும். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். உயிர்க்காவலர் இருக்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள்.

மூழ்குபவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே இருக்காது. வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, உடல் செங்குத்தாக நிற்கும். சிறு குழந்தை தண்ணீரில் இருக்கும்போது கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல், இருக்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பெயர் சொல்லி முறை போடுங்கள். காற்றடைத்த டியூப் விளையாட்டுப் பொருள்தான், உயிர்காக்கும் கவசம் இல்லை. அணைகளின் கீழும் கல் குவாரிக் குட்டைகளிலும் இறங்கவே வேண்டாம்: ஒன்றில் மதகு திறந்தால் நீர் திடீரென உயரும், இன்னொன்றில் ஓரத்திலேயே ஆழம்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க மூன்று விநாடி ஆனால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில். முப்பது விநாடிக்குள் கேட்டால் உடனே சுவருள்ள கட்டடத்துக்குள்ளோ கூரையுள்ள காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடியும் நான்கு தூண் நிழற்குடையும் உதவாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருந்து வெளியே வாருங்கள்.

படி 8: திரும்பும் நேரம்

குழந்தைகள் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கேட்கும்போதே கிளம்புங்கள். அவர்களே "வீட்டுக்குப் போகலாம்" என்று கேட்கும் வரை காத்திருந்தால் அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது என்று கொள்ளுங்கள். மீதி வழி முழுக்க அழுகைதான். திடீரென்று கிளப்பாமல், இன்னும் பத்து நிமிடம், கடைசியாக ஒரு சறுக்கு என்று படிப்படியாகச் சொல்லிக் கிளப்புவது எளிது.

வீடு வந்த அன்றே போனில் மூன்று வரி குறித்து வையுங்கள்: உண்மையில் பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது, கழிப்பறை எப்படி, எந்தப் பக்கம் நிழல். உறவினர் யாராவது "அந்த இடம் எப்படி?" என்று கேட்டால் அந்த மூன்று வரியை அப்படியே அனுப்பிவிடலாம்.