சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வை மறுமுறை எழுதுவது எப்படி?

சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வில் முதல் முறை தேறாதவர்களில் பலர், முடிவு வந்த மறுநாளே பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அது உழைப்புதான், ஆனால் வரிசை தவறிய உழைப்பு. எந்த இடத்தில் மதிப்பெண் போயிற்று என்று தெரியாமல் எல்லாவற்றையும் மறுபடி படித்தால், ஏற்கெனவே தெரிந்த அத்தியாயங்களில் நேரம் கரைந்து, தெரியாத அத்தியாயங்கள் மறுபடியும் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படும். கீழே உள்ள படிகள், இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 2023 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய புதிய திட்டத்தின்படி, குரூப்புக்கு மூன்று தாள்களாக இரண்டு குரூப் எழுதும் மாணவர்களுக்கானவை.

படி 1: எந்த வகைத் தோல்வி என்று பாருங்கள்

ஒரு குரூப்பில் தேற இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 வாங்க வேண்டும். மூன்று தாள்களும் சேர்ந்து 300-க்கு 150 வர வேண்டும். இவற்றில் எது தவறியது என்பதைப் பொறுத்து அடுத்த முயற்சியின் திட்டமே மாறும்.

இரண்டு மாணவர்களின் முதல் குரூப் மதிப்பெண்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு அட்வான்ஸ்டு அக்கவுண்டிங்கில் 38, சட்டத்தில் 62, வரியில் 55. மொத்தம் 155 வந்தும், ஒரு தாளில் இரண்டு மதிப்பெண் குறைந்ததால் குரூப் போய்விட்டது. இன்னொருவருக்கு முறையே 45, 42, 48. எந்தத் தாளிலும் அவர் விழவில்லை. ஆனால் மொத்தம் 135 என்பதால் அக்ரிகேட்டில், அதாவது கூட்டுத்தொகையில், 15 குறைகிறது.

முதலாமவருக்கு ஒரே ஒரு தாளில்தான் ஓட்டை. இரண்டாமவர் மூன்று தாளிலும் ஐந்தைந்து மதிப்பெண் கூட்டப் பார்ப்பதைவிட, கணக்குத் தாளை மட்டும் 60-க்கு உயர்த்துவது நல்லது என்பது என் கருத்து. மற்ற இரண்டும் அப்படியே இருந்தாலும் கூட்டுத்தொகை 150 ஆகிவிடும். ஒருவேளை வேறொரு தாள் 40-க்குக் கீழே சறுக்கினாலும், அந்த 60 வீணாகாது. ஏன் என்பது அடுத்த படியில்.

படி 2: எக்ஸெம்ப்ஷன் (தாள் விலக்கு) இருக்கிறதா, எத்தனை நாளைக்கு?

குரூப்பில் தேறாவிட்டாலும், அதன் எல்லாத் தாள்களையும் எழுதி, ஏதேனும் ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால், அந்தத் தாளை அடுத்து வரும் மூன்று தேர்வுகளுக்கு மறுபடி எழுத வேண்டியதில்லை. அந்த மதிப்பெண் குரூப்பின் கூட்டுத்தொகையிலும் சேரும். மேலே சொன்ன முதல் மாணவருக்குச் சட்டத்தின் 62 கையில் இருப்பதால், மீதமுள்ள இரண்டு தாள்களில் தாளுக்கு 40-க்குக் குறையாமல் மொத்தம் 88 வாங்கினால் போதும். ஆனால் வரியில் வாங்கிய 55 அடுத்த முறைக்குச் செல்லாது. அந்தத் தாளை அவர் திரும்ப எழுதியே ஆக வேண்டும்.

கணக்கில் கொள்ளப்படுவது நீங்கள் எழுதும் மூன்று தேர்வுகள் அல்ல, கழகம் நடத்தும் மூன்று தேர்வுகள். ஆண்டுக்கு இரு முறை தேர்வு நடந்த காலத்தில் இந்தச் சலுகை ஒன்றரை ஆண்டு நீடித்தது. 2025 முதல் இன்டர்மீடியட் தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என மூன்று முறை நடப்பதால், இப்போது அது ஓராண்டில் முடிந்துவிடுகிறது. "ஒரு முறை விட்டுவிட்டு அடுத்ததை நிதானமாக எழுதலாம்" என்று வீட்டில் சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மூன்று தேர்வுகளும் கடந்த பிறகு அந்த விலக்கை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஆனால் அப்போது அந்தக் குரூப்பின் மீதமுள்ள ஒவ்வொரு தாளிலும் 50 வாங்க வேண்டும். 40 வாங்கி அக்ரிகேட்டில் சமாளிப்பது அங்கே நடக்காது. ஆகவே, முதல் மூன்று தேர்வுகளுக்குள் முடிப்பதே மலிவான வழி.

படி 3: விடைத்தாளின் நகலைக் கேளுங்கள்

தேர்வு முடிவு வெளியான 30 நாட்களுக்குள் கழகத்தின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி விடைத்தாளின் சான்றிட்ட நகலைப் பெறலாம். மதிப்பெண் சரிபார்ப்பு என்பது வேறு விண்ணப்பம். அதில் எல்லா விடைகளும் திருத்தப்பட்டுள்ளனவா, கூட்டல் சரியா என்றுதான் பார்ப்பார்கள். விடையை மறுபடி மதிப்பிட மாட்டார்கள். 38, 39 என நூலிழையில் தவறியவர்கள் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். 30-களின் தொடக்கத்தில் நின்றவர்கள் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நகல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு கேள்வியின் எதிரிலும் நான்கில் ஒரு காரணத்தை எழுதுங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் தவறாக எழுதினேன், நேரம் போதவில்லை, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். அதே தேர்வுக்குக் கழகம் வெளியிடும் மாதிரி விடைகளான சஜெஸ்டட் ஆன்சர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் ஒரு தாளுக்கு அரை நாள் ஆகும். "தெரியவில்லை" என்ற காரணம் எத்தனை கேள்விகளுக்கு வருகிறதோ, அத்தனை அத்தியாயங்களுக்குத்தான் மறுவாசிப்பு தேவை.

படி 4: படிவமும் குரூப்பும்

முடிவு வெளியாவதற்கும் அடுத்த தேர்வுக்கும் இடையே சுமார் இரண்டு மாதங்களே இருப்பதால், விண்ணப்பத்தைத் தள்ளிப்போட இடமில்லை. இரண்டு குரூப்பும் போயிருந்தால் எதை எழுதுவது என்ற கேள்வி வரும். இரண்டையும் சேர்த்து எழுதுபவர்களுக்கு, ஒவ்வொரு தாளிலும் 40 இருந்து, மொத்தம் 600-க்கு 300 வந்தாலும் தேர்ச்சி உண்டு. ஒரு குரூப்பின் உபரி மற்றதன் குறையை நிரப்பும். ஆனால் இரண்டு தாள்களுக்கு மேல் 40-க்குக் கீழே வாங்கியவர், இரண்டு மாத அவகாசத்தில் ஒரு குரூப்பை மட்டும் எடுப்பதே நல்லது.

படி 5: பழைய புத்தகத்தை நம்பாதீர்கள்

முதல் முறை எழுதுபவருக்கு இல்லாத, மறுமுறை எழுதுபவருக்கு மட்டுமே உள்ள ஆபத்து இது. சென்ற முறை மனப்பாடம் செய்த சட்டம் மாறியிருக்கலாம். எடுத்துக்காட்டாக, புதிய வரி முறையில் 87ஏ பிரிவின் கீழ் முழுத் தள்ளுபடிக்கான வருமான வரம்பு 7 லட்சமாக இருந்தது. 2025-26 நிதியாண்டு முதல் அது 12 லட்சம். அதற்கும் மேலாக, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. எந்தத் தேர்வுக்கு எந்தச் சட்டம், எந்த மதிப்பீட்டு ஆண்டு, எந்தத் தேதி வரையிலான ஜி.எஸ்.டி. திருத்தங்கள் பொருந்தும் என்பதைக் கழகம் முன்கூட்டியே அறிவிக்கும். அந்த அறிவிப்பையும், உங்கள் தேர்வுக்கான ஆர்.டி.பி.யையும் (கழகம் வெளியிடும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்) பதிவிறக்கிய பிறகே வரித்தாளைத் தொடுங்கள்.

படி 6: படிப்பதைக் குறைத்து எழுதுவதைக் கூட்டுங்கள்

"எல்லாம் தெரிந்தும் மார்க் வரவில்லை" என்று சொல்பவர்களின் விடைத்தாளைப் பார்த்தால், சிக்கல் பெரும்பாலும் எழுதும் முறையில் இருக்கும். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும் என்பதால், தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குச் சட்டமும் ஆடிட்டிங்கும் கூடுதல் சுமை. சொந்த வாக்கியத்தில் நீளமாக எழுதுவதைவிட, சட்டத்தின் சொற்களையே குறுகிய வாக்கியங்களில் பழகுவது அவர்களுக்குக் கைகொடுக்கும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூன் 1 அன்று பதிவான ஒரு நிறுவனத்தின் முதல் நிதியாண்டு 2024 மார்ச் 31-இல் முடிகிறது. முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை 2025 ஜனவரி 20 அன்று நடத்திவிட்டு, பதிவாளரிடம் கால நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள் இயக்குநர்கள். சரியா?

"தவறு, ஒன்பது மாதத்துக்குள் நடத்தியிருக்க வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதினால், விடை சரியாக இருந்தும் மதிப்பெண்ணில் ஒரு பகுதிதான் கிடைக்கும். மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் சட்டம்: 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 96-ஆம் பிரிவின்படி, முதல் நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதங்களுக்குள் முதல் கூட்டம் நடக்க வேண்டும், பதிவாளர் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் முதல் கூட்டத்துக்கு அந்த நீட்டிப்பு இல்லை. இரண்டாவதில் இந்த நிறுவனத்தின் நிலை: கடைசி நாள் 2024 டிசம்பர் 31, கூட்டம் நடந்தது ஜனவரி 20. மூன்றாவதில் முடிவு: காலக்கெடு மீறப்பட்டுள்ளது, நீட்டிப்புக்கும் வழியில்லை. பிரிவு எண் உறுதியாக நினைவில் இல்லை என்றால் எண்ணை விட்டுவிட்டு, சட்டத்தின் பெயரோடு விதியை எழுதுங்கள்; தவறான எண் போடுவதைவிட அது மேல்.

கணக்குத் தாளில் இதே இடத்தைப் பிடிப்பது ஒர்க்கிங் நோட்ஸ், அதாவது விடை எப்படி வந்தது என்று காட்டும் கணக்கீட்டுக் குறிப்புகள். அவை விடையின் பகுதியாக இருக்க வேண்டும் என்று கேள்வித்தாளே சொல்கிறது. படிப்படியாக மதிப்பெண் போடும் தேர்வில், இறுதித் தொகை தப்பினாலும் ஒர்க்கிங் நோட்ஸ் தெளிவாக இருந்தால் மதிப்பெண்ணில் ஒரு பகுதி மிஞ்சும். கால்குலேட்டரில் போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதும் பழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு தாளிலும் 30 மதிப்பெண் கொள்குறி வினாக்கள், 70 விரிவான விடைகள். மூன்று மணி நேரத்தைப் பங்கு போட்டால் 14 மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு 25 நிமிடம்தான். மாக் டெஸ்ட் எழுதும்போது பிற்பகல் 2 மணிக்கே, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். உண்மைத் தேர்வும் 2 முதல் 5 வரைதான், சாப்பிட்ட மயக்கத்தையும் சேர்த்துப் பழக வேண்டும். எழுதியதை வேறொருவர் திருத்த வேண்டும். கோச்சிங் வகுப்பில் மறுபடி முழுக் கட்டணம் கட்டி உட்காருவதைவிட, விடையைத் திருத்தித் தரும் டெஸ்ட் சீரிஸில் அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் போடுவது எவ்வளவோ மேல்.

படி 7: தேர்வு நாட்கள்

1.45-க்குத் தரப்படும் கேள்வித்தாளை வாசிக்க 15 நிமிடம் உண்டு. கட்டாயமான முதல் கேள்வி தவிர எதை விடுவது என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள். கொள்குறி வினாக்களில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால், ஒன்றையும் காலியாக விட வேண்டாம்.

கணக்குத் தாள் மோசமாகப் போய்விட்டது என்று அழுதுகொண்டே அடுத்த தாளுக்கு வராமல் இருந்துவிடுபவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியவருக்கே விலக்கு கிடைக்கும் என்பதால், கடைசித் தாளுக்குப் போகாதவருக்குச் சட்டத்தில் 70 வந்திருந்தாலும் அது அடுத்த முறைக்கு உதவாது. கணக்கில் 20 வரும் என்று தோன்றினாலும், ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் தாளுக்குப் போய்விடுங்கள்.