தாமிரபரணியில் இறங்கி ஆற்றின் உடல்நிலையை அளப்பது எப்படி?

ஆறு கெட்டுப்போனது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் தண்ணீரைத்தான் நினைக்கிறோம். நிறம், நாற்றம், சாக்கடை. ஆனால் தண்ணீர் தெளிவாக ஓடும்போதே படுகை தாழ்ந்து, கரை சரிந்து, ஆறு நலிந்துகொண்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. நீளமான டேப், அளவு குறித்த மூங்கில் கழி, ஸ்கேல், ஓர் ஆரஞ்சுப்பழம், நோட்டு, போன் இருந்தால் போதும்.

இடம் பார்ப்பது

தண்ணீர் முழங்காலுக்கு மேல் போகாத நாளாகப் பாருங்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு, துணையோடு இறங்குங்கள். ஆறு எவ்வளவு அகலமோ அதைப்போல் பத்து மடங்கு நீளத்தை எடுத்துக்கொள்ளலாம். தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றுக்குச் சற்று மேலே தண்ணீர் தேங்கி வண்டல் படிந்திருக்கும். அங்கே அளந்தால் ஆற்றின் இயல்பு பிடிபடாது.

அகலம், ஆழம், வேகம்

டேப்பைக் கரைக்குக் கரை இழுத்துக் கட்டுங்கள். மீட்டருக்கு ஓரிடத்தில் கழியை ஊன்றி ஆழத்தைக் குறியுங்கள். பிறகு பத்து மீட்டர் நீளத்தை அடையாளம் வைத்து, மேல்முனையில் ஆரஞ்சுப்பழத்தை விட்டு, கீழ்முனைக்கு வந்துசேர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பழம் பெரும்பகுதி மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. மூன்று முறை விட்டுச் சராசரி எடுங்கள்.

உதாரணத்துக்கு, 25 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். மேல்மட்டத் தண்ணீர்தான் வேகமாக ஓடும் என்பதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும்: 0.34. அகலம் 20 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால் விநாடிக்கு 3.4 கன மீட்டர் ஓடுகிறது. செய்தித்தாள் கணக்கில் சுமார் 120 கன அடி.

நூறு கல்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. 1954-இல் வோல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்ன முறை. கரைக்கும் கரைக்கும் வளைந்து வளைந்து நடங்கள். ஒவ்வொரு அடி எடுத்து வைத்ததும் கீழே பார்க்காமல் கையை விட்டு, கால் விரல் நுனியில் முதலில் தட்டுப்படும் கல்லை எடுங்கள். பார்த்து எடுத்தால் கை அழகான கல்லைத்தான் தேடும், கணக்குப் பிசகிவிடும். கல்லின் நீளத்தையும் தடிமனையும் விட்டுவிட்டு இடைப்பட்ட அகலத்தை மட்டும் அளங்கள். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மணல் என்று எழுதுங்கள். 64 வரை சரளை, கூழாங்கல். அதற்கு மேல் உருண்டைக்கல். 256-ஐத் தாண்டினால் பாறைக்கல்.

நூறு அளவையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் வருவதைப் பாருங்கள். பாபநாசத்தில் கல்லும் பாறையும் வரும். கீழே இறங்க இறங்க மணல் கூடும். கல் கிடந்த இடத்தில் திடீரென்று நுண்ணிய வண்டல் மூடியிருந்தால் மேலே எங்கோ மண் அரிக்கிறது. கல்லிடுக்கில் முட்டையிடும் மீன்களுக்கு அது பெரிய இழப்பு.

கரையும் படுகையும்

ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கை இடக்கரை. ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை நின்று இரு கரையையும் எழுதுங்கள்: செங்குத்தாக அறுந்திருக்கிறதா, மருத மர வேர் வெளியே தொங்குகிறதா, நாணல் நிற்கிறதா, சீமைக்கருவேலம் புகுந்திருக்கிறதா, கான்கிரீட் சுவரா?

அப்புறம் பாலத்தையும் படித்துறையையும் அவசியம் பாருங்கள். தூணின் அடித்தளம் வெளியே தெரிந்தாலோ, கடைசிப் படி அந்தரத்தில் நின்றாலோ அங்கே படுகை இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மணல் அள்ளிய இடங்களில் இது சாதாரணமாகக் கண்ணில் படும். கடைசிப் படியிலிருந்து மணல்மட்டம் வரை அளந்து தேதியோடு எழுதுங்கள். 2023 டிசம்பர் வெள்ளம் எதுவரை ஏறியது என்பதைக் கரையோரத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டால் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் வடிந்ததும் அதே இடத்துக்குப் போய், அதே படியில் நின்று போட்டோ எடுத்து, மறுபடி அளங்கள்.