உலகப் போட்டியில் சிறு தொழிற்சாலைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் பொருள் பத்து சதவீதம் மலிவாக வருகிறது என்று தெரிந்ததும், பலர் முதலில் கை வைப்பது கொட்டேஷனில்தான். சரி, குறைத்தே பார்ப்போம். 100க்கு விற்கும் பொருளின் அடக்கவிலை 85 என்றால் லாபம் 15. விலையை 90 ஆக்கினால் மிஞ்சுவது 5. பழைய லாபத்தை எடுக்க மூன்று மடங்கு விற்றாக வேண்டும். அதற்கு மெஷினும் ஆளும் எங்கே?

போட்டியாளர் சொல்லும் விலை எந்த இடத்து விலை என்று கேட்காமல் விடுவது அடுத்த தவறு. கப்பல் கட்டணம், காப்பீடு, சுங்கம், சரக்கு கடலில் இருக்கும் வாரங்களில் முடங்கும் பணம் எல்லாம் சேர்ந்தால் அந்த மலிவில் பாதி கரைந்துவிடலாம். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்து நின்றபோது, கண்டெய்னருக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது நன்றாகவே புரிந்திருக்கும். வாங்குபவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

பெரிய ஆலையைப் பார்த்து ஒரே ஜாபை, அதாவது ஒரே வகைப் பொருளை, ஓட்டிக் குவிப்பதைத்தான் நான் பெரிய தவறாக நினைக்கிறேன். ஐம்பது உருப்படி கேட்டாலும் அதே வாரத்தில் தர முடிவதுதானே சிறிய ஆலையின் பலம்? ஆனால் ஒரு ஜாபிலிருந்து அடுத்ததற்கு மெஷின் செட்டிங் மாற்றவே அரை ஷிப்ட் போனால் அது கட்டுப்படியாகாது. 1969இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றில் டை (உலோகத்துக்கு வடிவம் தரும் அச்சு) மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ அதை முதலில் 90 நிமிடமாகவும், பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலைக்காக மெஷினை நிறுத்தக் கூடாது என்பதுதான் அவர் கண்ட சூட்சுமம். அடுத்த டை, போல்ட், ஸ்பேனர் எல்லாம் முன்பே பக்கத்தில் வந்திருக்க வேண்டும். புது மெஷினுக்குக் கடன் கேட்கும் முன், ஒரு ஸ்டாப்வாட்ச்சோடு பழைய மெஷின் பக்கத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். கடனே தேவைப்படாமல் போகலாம்.

அப்புறம், முக்கால்வாசி ஆர்டருக்கு ஒரே பார்ட்டியை நம்புவது. அப்படியானால் உங்கள் விலையை அவர்தான் எழுதுவார்.

சான்றுகளையும் பதிவுகளையும் கேட்ட பிறகு தேடுவது கடைசித் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் கட்டண விதி (பொருளைச் செய்யும்போது வெளியேறும் கார்பனுக்கு இறக்குமதியில் கட்டணம்) 2026 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரும்பு போல்ட், நட் கூட அதில் அடங்கும். எந்த உருக்காலையின் இரும்பு, எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்று இறக்குமதியாளர் கேட்பார். அதை லாட் வாரியாக இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம்.