வந்துவிட்டது என்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமா? பாதுகாப்புப் படைகளுக்கான செயற்கைக்கோள் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுக்கடலில் நிற்கும் ஒரு போர்க்கப்பலுக்கு, அமெரிக்காவின் கோஸ்-ஆர் வரிசை வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றின் தரவை முழுவதுமாக அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செயற்கைக்கோள் மறு ஒலிபரப்பு செய்யும் தரவோடையின் வேகம் நொடிக்கு 31 மெகாபிட். ஒரு நாளைக்குச் சுமார் 335 ஜிகாபைட். கப்பலின் இணைப்பில் வானிலைக்கென நொடிக்கு 1 மெகாபிட் ஒதுக்கினால், ஒரு நாள் தரவு போய்ச் சேர ஒரு மாதம் பிடிக்கும். இதற்கு முந்தைய தலைமுறையில் இதே ஒலிபரப்பு நொடிக்கு 2.1 மெகாபிட்தான். மேலிருந்து கொட்டும் தரவு பதினைந்து மடங்கு பெருகிவிட்டது. கடைசிக் கண்ணியில் இருக்கும் குழாய் அப்படிப் பெருகவில்லை.

இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து பிறக்கின்றன. தரவு நம் சர்வருக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். நெப்ராஸ்காவின் ஆஃபட் தளத்தில் இருக்கும் விமானப்படையின் 557-வது வானிலைப் பிரிவு, கலிபோர்னியாவின் மான்டரேயில் இருக்கும் கடற்படையின் எண்முறை வானிலை மையம் போன்ற இடங்களில் நாள் முழுக்கத் தரவு குவிந்துகொண்டே இருக்கிறது. ஆனால் முடிவெடுப்பவர் அங்கே இல்லை. அவர் நடுவானில் விமானத்துக்கு எரிபொருள் நிரப்பும் பாதையைத் திட்டமிடுகிறார், அல்லது புயலுக்கு எந்தப் பக்கம் கப்பலைத் திருப்புவது என்று யோசிக்கிறார். அவர் கைக்குப் போனதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடிகாரத்தைத் தவறான இடத்தில் தொடங்குவது

எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறு இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறேன்.

துருவச் சுற்றுப்பாதையில் செல்லும் வானிலைச் செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 101 நிமிடம் ஆகிறது. ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள தரைநிலையம் வட துருவத்துக்கு மிக அருகில் இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் செயற்கைக்கோள் அதன் தலைக்கு மேல் வந்துபோகும். அதனால்தான் அந்த இடத்துக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் தரவை இறக்கினால், ஸ்வால்பார்டைத் தாண்டியவுடன் பதிவான முதல் காட்சி தரைக்கு வரும்போதே அதற்கு வயது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். நம் கணினி அதைத் தொடுவதற்கு முன்பே இந்த நிலை.

இதைக் கணக்கில் கொள்ளாமல், கோப்பு சர்வருக்கு வந்த நொடியிலிருந்து தாமதத்தை அளக்கிறார்கள். பிறகு மென்பொருளை மாதக்கணக்கில் செப்பனிட்டு மூன்று நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அண்டார்டிகாவின் மெக்மர்டோவில் இன்னொரு ஆன்டெனா வைத்தால் காத்திருப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். எந்தக் கண்ணியில் நேரம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதைச் சரிசெய்வது என்று முடிவெடுக்க வேண்டும். களத்திலேயே ஆன்டெனா வைத்து, செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்போது நேரடி ஒலிபரப்பைப் பிடித்தால் இந்தக் காத்திருப்பே கிடையாது. துருவச் சுற்றுப்பாதையில் செல்லும் நோவா-20 போன்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் அந்த ஒலிபரப்பைத் தருகின்றன. விலை என்னவென்றால், ஆன்டெனாவின் பார்வை வட்டத்துக்குள் இருக்கும் பகுதி மட்டுமே கிடைக்கும்.

ஆகவே கடிகாரம் கருவி பூமியைப் பார்த்த நொடியில் தொடங்கி, பயனாளியின் திரையில் படம் தெரியும் நொடியில் நிற்க வேண்டும். சராசரியையும் நம்ப வேண்டாம். சராசரி நன்றாக இருக்கும்போதே நூற்றில் ஐந்து கோப்புகள் மூன்று மணி நேரம் தாமதமாக வரலாம். புயல் அன்றைய கோப்பு அந்த ஐந்தில் ஒன்றாக இருந்தால் சராசரி யாருக்கும் உதவாது.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு பிழை. இணைப்பு இரண்டு மணி நேரம் அறுந்துபோகிறது, பிறகு உயிர்பெறுகிறது. காத்திருக்கும் கோப்புகள் எந்த வரிசையில் போக வேண்டும்? பெரும்பாலான மென்பொருள்கள் முதலில் வந்ததை முதலில் அனுப்பும். விளைவு, முன்னறிவிப்பாளருக்கு இரண்டு மணி நேரப் பழைய படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும்போது, இப்போதைய படம் வரிசையின் வாலில் நிற்கும். திரையைப் பார்க்கும் மனிதருக்குப் புதியது முதலில் வர வேண்டும். வானிலையைக் கணித்துச் சொல்லும் கணினி மாதிரிக்கு இது பொருந்தாது. அது ஒரு குறிப்பிட்ட கெடு நேரம்வரை பழைய அளவீடுகளையும் ஏற்றுக்கொள்ளும், அவை அதற்குத் தேவையும்கூட. ஒரே வரிசையை வைத்து இருவருக்கும் பரிமாற முடியாது. இரண்டு வரிசை வையுங்கள்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்புவது

மாதிரியை இயக்குபவருக்குக் கதிர்வீச்சு அளவீடுகள் வேண்டும், அதுவும் அடர்த்தி குறைத்து, பஃபர் எனும் வானிலைத் தரவுக் கோப்பு வடிவத்தில். சூறாவளியின் கண்ணைத் தேடும் முன்னறிவிப்பாளருக்கு மேல்மட்டச் சிறகு மேகங்களை ஊடுருவிப் பார்க்கும் நுண்ணலைப் படம் வேண்டும். விமானிக்கு ஒரே ஒரு படம், அதன் மேல் நேரம் தெளிவாக எழுதியிருந்தால் போதும். யார், எந்தப் பரப்பு, எந்த அலைவரிசை, எவ்வளவு அவசரம் என்று கேட்டு எழுதி வைக்காத விநியோக அமைப்பு, குழாயை நிரப்பத்தான் செய்யும்.

ஜப்பானின் ஹிமாவாரி-8 செயல்பாட்டுக்கு வந்தபோது செய்ததைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் முழு வட்டத்தையும் 16 அலைவரிசைகளில் பதிவுசெய்த அந்தச் செயற்கைக்கோளிலிருந்து பயனாளிகளுக்கு நேரடி ஒலிபரப்பு இருக்கவில்லை. முழு நுணுக்கத்தோடு வேண்டும் என்ற நாட்டு வானிலைத் துறைகளுக்கு இணையம் வழியாகக் கொடுத்தார்கள். இணையம் பலமில்லாதவர்களுக்காகச் சுருக்கிய தொகுப்பு ஒன்றைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பினார்கள். பயனாளி எங்கே, எப்படி இருக்கிறார் என்று பார்த்துப் போட்ட திட்டம் அது.

சுருக்குவதில் ஓர் எச்சரிக்கை. கண்ணால் பார்க்கும் படத்தை இழப்போடு சுருக்கலாம், குற்றமில்லை. ஆனால் அப்படிச் சுருக்கிய ஜேபெக் படத்தின் நிறத்திலிருந்து மேக உச்சியின் வெப்பநிலையைக் கணக்கிட முயன்றால் தவறான எண்தான் கிடைக்கும். எண் வேண்டுமானால் எண்ணாகவே அனுப்ப வேண்டும், சின்னப் பரப்புக்கு மட்டும் என்றாலும்.

கோப்புகளின் எண்ணிக்கையும் கவனிக்க வேண்டிய விஷயம். சுவோமி என்.பி.பி., நோவா-20, நோவா-21 ஆகிய துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களில் உள்ள வீர்ஸ் எனும் படமெடுக்கும் கருவியின் தரவு ஏறக்குறைய 85 நொடித் துண்டுகளாக வருகிறது. ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள், 22 அலைவரிசைகள். அலைவரிசைக்கு ஒரு கோப்பு என்று வைத்தால் ஒரு செயற்கைக்கோளுக்கே நாளொன்றுக்கு 22,000 கோப்புகள். புதிய கோப்பு வந்ததா என்று கோப்புறையை நொடிக்கொருமுறை துழாவும் நிரல் இங்கே மூச்சுத்திணறிப்போகும். வந்தவுடன் செய்தி சொல்லும் முறைக்கு மாறுவதே வழி. நான்கு துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கலாம்தான், ஆனால் அதில் முதல் துண்டு கடைசித் துண்டுக்காக நாலு நிமிடத்துக்கு மேல் காத்து நிற்கும்.

எண்ணை அப்படியே நம்புவது

வீர்ஸ் கோப்பில் பெரும்பாலான அளவீடுகள் 16 பிட் முழு எண்களாக இருக்கும். அவற்றில் 65528 முதல் 65535 வரையுள்ளவை அளவீடே அல்ல. தரவு இல்லை, கருவியிலேயே நீக்கப்பட்டது, கணக்கீடு தோற்றது என்று காரணம் சொல்லும் குறியீடுகள். இவற்றை விலக்காமல் சராசரி எடுத்தால் கடல் நடுவே இல்லாத வெப்பம் தோன்றும். முழு எண்ணை வெப்பநிலையாக மாற்றும் பெருக்கெண்ணும் கூட்டெண்ணும் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். சேர்த்த கோப்பில் முதல் துண்டின் எண்களையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. சோதனையின்போது ஒன்றும் தெரியாது, என்றோ ஒரு நாள் படத்தில் நேர்க்கோடு ஒன்று முளைக்கும்.

கோடு என்றதும் நினைவுக்கு வருகிறது. இதே கருவியின் படத்தை நிலப்படத்தில் பொருத்தாமல் திறந்தால் ஓரங்களில் கறுப்புப் பட்டைகள் தெரியும். தரவு தொலைந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை. ஓரத்தில் அடுத்தடுத்த வருடல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால், மிகையான வரிகளைச் செயற்கைக்கோளே வெட்டிவிட்டு அனுப்புகிறது. நிலப்படத்தில் பொருத்தினால் பட்டைகள் மறைந்துவிடும்.

நேரக் குறிப்பு இன்னும் நுட்பமானது. இந்தக் கோப்புகளுக்குள் நேரம் 1958 ஜனவரி 1 முதல் எண்ணிய மைக்ரோநொடிகளாக, அணுக்கடிகாரக் கணக்கில் இருக்கிறது. அதற்கும் உலகப் பொது நேரத்துக்கும் இப்போது 37 நொடி வித்தியாசம். செயற்கைக்கோளுக்கு நேர்கீழே உள்ள புள்ளி தரையில் நொடிக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த 37 நொடியை விட்டுவிட்டு இடத்தைக் கணக்கிட்டால் 240 கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிலையாக நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு வேறு சிக்கல். அது சாய்வாகப் பார்க்கும் இடங்களில் உயரமான மேகம் தன் உண்மையான இடத்தில் தெரியாது. 15 கிலோமீட்டர் உயர மேக உச்சியை 45 பாகைச் சாய்வில் பார்த்தால், படத்தில் அது 15 கிலோமீட்டர் விலகி நிற்கும். 60 பாகைக்கு 26 கிலோமீட்டர். தலைமைச் செயலகத்தின் சுவரில் மாட்டும் படத்துக்கு இது பெரிய விஷயமில்லை. இடிமேகத்தை ஒதுக்கிப் பறக்கும் பாதையைப் போடுபவருக்குப் பெரிய விஷயம். திருத்தம் செய்திருக்கிறோமா இல்லையா என்று படத்திலேயே எழுதிவிடுங்கள்.

தரக்குறியீட்டை வழியில் கழற்றிவிடுவது

2016 ஏப்ரலில், அமெரிக்கப் பாதுகாப்பு வானிலைத் திட்டத்தின் எஃப்-17 செயற்கைக்கோளில் நுண்ணலைக் கருவியின் 37 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்று கெட்டுப்போனது. தரவு வருவது நிற்கவில்லை, எண்கள்தான் பிழையாக இருந்தன. கடற்பனிப் பரப்பைக் கணக்கிடும் மையம் வெளியீட்டை நிறுத்திவிட்டு எஃப்-18-க்கு மாறியது. 2018-இல் ஏவப்பட்ட கோஸ்-17-இல் குளிரூட்டும் அமைப்பு சரியாக இயங்காததால், ஆண்டின் சில காலங்களில் இரவின் சில மணி நேரங்களுக்கு அகச்சிவப்பு அலைவரிசைகள் சில பயனற்றுப்போயின. இரண்டிலும் கோப்பு வந்துகொண்டேதான் இருந்தது. கோப்பு வந்ததா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்புத் திரை இப்படிப்பட்ட நாளில் பச்சை விளக்கைத்தான் காட்டும்.

தயாரிப்பவர் ஒவ்வொரு பிக்சலுக்கும் தரக்குறியீடு வைத்துத்தான் அனுப்புகிறார். இடையில் வடிவம் மாற்றும் நிரல், இடத்தை மிச்சப்படுத்த அதைக் கழற்றிவிடுகிறது. ஒரு பைட்டுக்குக் கஞ்சத்தனம் பார்த்து, சந்தேகத்துக்குரிய எண்ணை உறுதியான எண்ணாக மாற்றிக் கொடுக்கிறோம். மன்னிக்க முடியாத சிக்கனம் அது.

பாதுகாப்பைக் கடைசியில் ஒட்டவைப்பது

திறந்த வலையமைப்பிலிருந்து ரகசிய வலையமைப்புக்குத் தரவு பெரும்பாலும் ஒருவழி வாயில் வழியாகத்தான் போகும். உள்ளிருந்து வெளியே பதில் வராது. எனவே ஒரு கோப்பு வழியில் விழுந்துவிட்டால் மறுபடி அனுப்பு என்று கேட்க ஆளில்லை. கோப்புகளுக்கு வரிசை எண், சரிபார்ப்புத் தொகை, இந்த மணியில் இவையெல்லாம் வந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். அவசரமானதை இருமுறை அனுப்புவதிலும் தவறில்லை.

பலரும் யோசிக்காத ஒன்று: கேள்வியே ரகசியத்தைச் சொல்லிவிடும். திறந்த சர்வரில் போய், இன்ன தீவைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மட்டும் மேகப் படம் வேண்டும் என்று ஒரு படைப்பிரிவு தினமும் கேட்டால், அந்தச் சர்வரின் பதிவேட்டைப் படிப்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். வானிலைத் தரவு ரகசியமல்ல, எங்கே பார்க்கிறோம் என்பதுதான் ரகசியம். பெரிய பரப்பை மொத்தமாக உள்ளே கொண்டுவந்து, சுவருக்கு அந்தப் பக்கம் வெட்டிக்கொள்வதே சரி. முன்பு அளவைக் குறைக்கச் சொன்னேனே என்று கேட்கலாம். குறைப்பதைச் சுவருக்கு உள்ளே செய்யுங்கள், கடைசிக் குழாய்க்கு முன்னால்.

ஒரே கண்ணை நம்பியிருப்பது

முன்பு சொன்ன அமெரிக்கப் பாதுகாப்பு வானிலைத் திட்டத்தில் 2014-இல் ஏவப்பட்ட எஃப்-19, இரண்டு ஆண்டு முடிவதற்குள், 2016 பிப்ரவரியில் கட்டளைகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. அடுத்ததாகக் கட்டிவைத்திருந்த எஃப்-20 ஏவப்படவே இல்லை. இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு, ஓய்வுபெற்ற கோஸ்-13-ஐ நகர்த்தி வேறு பெயரில் பயன்படுத்த வேண்டியிருந்தது. நுண்ணலைப் பணிக்கான புதிய தலைமுறைச் செயற்கைக்கோள் 2024 ஏப்ரலில்தான் மேலே போனது.

2025 ஜூன் இறுதியில் இன்னொரு பாடம். எஃப் வரிசைச் செயற்கைக்கோள்களின் நுண்ணலைத் தரவு விநியோகம் சில நாட்களில் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. புயல் பருவம் தொடங்கியிருந்த நேரம். சூறாவளி முன்னறிவிப்பாளர்களும் கடற்பனி ஆய்வாளர்களும் குரல் எழுப்பிய பிறகு கெடு ஜூலை இறுதிக்குத் தள்ளிப்போனது, பிறகு அந்த முடிவே கைவிடப்பட்டது. படைகளுக்காகக் கட்டிய ஒரு குழாயில் வெளியே எத்தனை பேர் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

விநியோக அமைப்பை நடத்துபவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். அமைதியான ஒரு நாளில், பயனாளிகளுக்கு அறிவித்துவிட்டு, ஒரு செயற்கைக்கோளின் ஓடையை ஆறு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். மாற்று வழி தானாகத் திறக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்பு கிடைக்காத யாராவது தொலைபேசியில் அழைத்தால், அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் பட்டியலில் விட்டுப்போன பயனாளி அவர்.