வெட்டுப்பட்ட வெப்பக் குமிழ்கள்

ஒலியலையால் காற்றின் வேகத்தையும் வெப்பநிலையையும் அளக்கும் சோனிக் அனிமோமீட்டரின் உச்சிவெயில் நேர வெப்பநிலைத் தரவில் கோட்டம் (skewness: பரவல் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற அளவு) பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. தரையருகே அது நேர்க்குறியில் இருக்கவேண்டும்: சூடான காற்று குறுகலாக, விறுவிறுவென ஏறும்; குளிர்ந்தது அகலமாக, மெல்ல இறங்கும்.

குடைந்து பார்த்தால், மென்பொருள் சராசரியிலிருந்து 3.5 திட்டவிலக்கம் (standard deviation, சிதறலின் அளவு) தாண்டிய புள்ளிகளைப் பிழையென்று வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் விலக்கம் சுருங்க, இன்னும் கொஞ்சம் வெட்டு. காற்றின் கொந்தளிப்பு இயல்நிலைப் பரவலுக்குக் (சமச்சீரான மணி வடிவத்துக்கு) கட்டுப்படும் என்று யார் சொன்னார்களோ!

வினாடிக்கு 20 அளவீடு. தொடர்ந்து 3 புள்ளிக்கு மேல் நீடித்தால் வெட்டாதே, ஒரே சுற்றோடு நிறுத்து என்று விதியை மாற்றினேன். மெல்ல ஏறிச் சட்டென்று விழும் ரம்பப்பல் வடிவம் திரும்பியது. கோட்டமும் நேர்க்குறிக்கு வந்தது.

1949-இல் சோவியத் இயற்பியலாளர் ஒபுகோவ் சொன்ன 2/3 சரிவு (இரு இடங்களின் வெப்பநிலை வேறுபாட்டு வர்க்கத்தின் சராசரி, தூரத்தின் 2/3 அடுக்காக வளர்வது) முன்பும் ஏறக்குறைய சரியாகவே வந்துகொண்டிருந்தது. அதை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த வெட்டு படாது.