ஏஐ எடுத்த முடிவால் பாதிப்பா? நிறுவனத்தைப் பொறுப்பேற்க வைக்கும் வழி

கடன் விண்ணப்பம் சில நொடிகளில் நிராகரிக்கப்படுகிறது. வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தை மனிதர் எவரும் பார்க்கவேயில்லை. சாட்பாட் சொன்னதை நம்பிப் பணம் போய்விட்டது. விசாரித்தால், "அது சிஸ்டம் எடுத்த முடிவு, எங்கள் கையில் இல்லை" என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சட்டத்தின் முன் மென்பொருள் ஒரு நபர் அல்ல. அதை உங்கள் மேல் பயன்படுத்திய நிறுவனம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

புகார் எழுதும் முன் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அதே கேள்வியை நாளை கேட்டால் சாட்பாட் வேறு பதில் சொல்லலாம். அதற்குள் மென்பொருளையே புதுப்பித்திருக்கலாம். "மறுபடி கேட்டுக் காட்டிவிடலாம்" என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துபோகும். தேதி, நேரம், இணைய முகவரி மூன்றும் தெரியும்படி முழுத்திரை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உரையாடல் நீளமானால் முதல் வரியிலிருந்து கடைசி வரை நகர்த்தித் திரைப்பதிவு செய்யுங்கள். நடுவில் ஒரு துண்டை மட்டும் காட்டினால், முன்னே நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதே சர்ச்சையாகும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிச் சேமிக்காதீர்கள். படம் சுருங்கும், அதனுள் இருக்கும் நேரக் குறிப்புகளும் போய்விடும். மூலக் கோப்பு வெட்டாமல் திருத்தாமல் அப்படியே இருக்கட்டும்.

அடுத்து, சான்றை அழிக்கக் கூடாது என்று நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஏஐ சட்டத்தில்கூட, அதிக ஆபத்துள்ள அமைப்புகளை (கடன், வேலை போன்றவற்றை முடிவுசெய்பவை) பயன்படுத்துவோர் தானியங்கிப் பதிவுகளைக் குறைந்தது 6 மாதம்தான் வைத்திருக்க வேண்டும். ஆகவே உடனே எழுத வேண்டும். வாசகம் இவ்வளவு போதும்:

"இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள என் விண்ணப்பத்தின் மேல் எடுத்த முடிவு தொடர்பான உள்ளீட்டுத் தரவு, மென்பொருள் எனக்குப் போட்ட மதிப்பெண், மென்பொருளின் பதிப்பு எண், இயக்கப் பதிவுகள், அதைப் பார்த்த ஊழியரின் குறிப்பு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கக் கோருகிறேன்."

யார் மேல் புகார்? உருவாக்கிய நிறுவனம், பயன்படுத்திய நிறுவனம், தரவு கொடுத்த நிறுவனம் என மூவர் இருக்கலாம். பயன்படுத்தியவரிடமிருந்து தொடங்குங்கள். உங்களுக்கும் அவருக்கும்தான் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் இதைத் தெளிவாகச் சொன்னது. கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான தகவல் தந்திருந்தது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பதுபோல நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை, தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பயணியின் கையில் ஸ்கிரீன்ஷாட் இருந்தது.

பிறகு காரணம் கேளுங்கள். "ஏன்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். என்னைப் பற்றிய எந்தெந்தத் தரவைப் பயன்படுத்தினீர்கள், எது முடிவை எதிராகத் திருப்பியது, அந்தத் தரவு எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் கேளுங்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். சிக்கலானதென்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். கணிதச் சூத்திரத்தை நீட்டிவிட்டு ஒதுங்க முடியாது, உங்கள் தரவு எப்படிப் பயன்பட்டது என்று புரியும்படி சொல்ல வேண்டும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் கடன் மறுத்தால் குறிப்பான காரணம் சொல்ல வேண்டும். "மதிப்பெண் போதவில்லை" என்று மட்டும் எழுதினால் செல்லாது.

"ஊழியர் ஒருவர் சரிபார்த்தார்" என்பது அடுத்து வரும் பதில். இங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது. முடிவை மாற்றும் அதிகாரம் அவருக்கு இருந்ததா, அவர் கையில் என்னென்ன ஆவணம் இருந்தது, இதற்கு முன் எத்தனை முடிவுகளை அவர் மாற்றியிருக்கிறார் என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதை மனிதக் கண்காணிப்பு என்று ஏற்க முடியாது. வேறொரு நிறுவனம் தந்த கடன் மதிப்பெண்ணைப் பெரிதும் நம்பியே வங்கி முடிவெடுத்தால், அந்த மதிப்பெண் போட்டதே தானியங்கி முடிவுதான் என்று 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தவறான கதவைத் தட்டுவதும் நிறைய நேரத்தைத் தின்றுவிடும். மென்பொருளையும் பொருளாகக் கருதும் ஐரோப்பாவின் புதிய பொருள் பொறுப்பு விதி (குறையுள்ள பொருளால் வரும் சேதத்துக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குவது), 2026 டிசம்பர் 9க்குப் பிறகு சந்தைக்கு வருபவற்றுக்குப் பொருந்தும். ஆனால் உயிரிழப்பு, உடல்நலக் கேடு, சொத்துச் சேதம், தரவு அழிவு ஆகியவற்றுக்கே அது உதவும். கடன் மறுப்புக்கோ வேலை மறுப்புக்கோ அங்கே போய்ப் பயனில்லை. தரவுப் பாதுகாப்பு ஆணையம், பாகுபாடு தடுப்பு அமைப்பு, நுகர்வோர் மன்றம் ஆகியவையே அதற்கான இடம். எங்கே போனாலும் ஏஐ தவறு செய்தது என்று காட்டுவது பாதி வேலைதான். அந்தத் தவறால்தான் நஷ்டம் வந்தது என்பதற்கு ரசீதும் கணக்கும் தேவை.

டீப்ஃபேக், அதாவது ஏஐயால் போலியாக உருவாக்கிய படமென்றால் வரிசை மாறும். இணைய முகவரியையும் பதிவிட்ட கணக்கையும் குறித்துக்கொண்டு உடனே நீக்கக் கோருங்கள். அனுமதியில்லாத அந்தரங்கப் படத்தைச் சரியான கோரிக்கை வந்த 48 மணி நேரத்தில் தளங்கள் நீக்க வேண்டும் என்று அமெரிக்கா 2025இல் சட்டம் போட்டது. படத்தில் இருப்பது சிறுவர் என்றால், சான்றுக்காகக்கூட நகல் எடுக்காதீர்கள். இணைய முகவரியை மட்டும் காவல்துறையிடம் கொடுங்கள்.

புகார் மனுவை ஏஐயிடம் எழுதி வாங்கினால், அதில் வரும் ஒவ்வொரு வழக்கின் பெயரையும் மூலத் தீர்ப்பில் தேடிப் பாருங்கள். ஏஐ புனைந்த, இல்லாத வழக்குகளைக் காட்டியதற்காக நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கிடைக்காத வழக்கை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.