தோற்ற மேட்ச்களை எண்ணிப் பாருங்கள்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் உங்கள் அசல் லெவலைக் கண்டுபிடிக்கும் வழி

மற்ற ஆன்லைன் கேம்களில் தோற்றால் பழி போட நாலு டீம்மேட் இருப்பார்கள். ஃபைட்டிங் கேமில் அந்த வசதி கிடையாது, ஒண்டிக்கு ஒண்டி, அதனால் பழி வேறு பக்கம் திரும்பும்: எதிராளி கண்டபடி பட்டனை அமுக்குகிறான், நெட் லேக் அடிக்கிறது, ஒரே மூவை வைத்து ஒப்பேற்றுகிறான், அந்த கேரக்டரே ஓவர் பவர். இதையெல்லாம் நானும் சொல்லியிருக்கிறேன். பிளாட்டினத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது, நான் உண்மையில் டயமண்ட் ஆள், நேரம்தான் சரியில்லை என்று மனதார நம்பினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோற்ற பத்து மேட்ச்களின் ரீப்ளேயைப் போட்டுவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எதிராளிகள் மொத்தம் 31 முறை என் மேல் தாவியிருந்தார்கள். அதில் நான் அடித்து இறக்கியது 6. பிளாட்டினத்தில் இருந்ததே அதிர்ஷ்டம்தான் என்று தோன்றியது.

இங்கே எழுதுவது அந்த நோட்டைப் பற்றித்தான். உதாரணமெல்லாம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-லிருந்து வரும், ஏனென்றால் நான் ஆடுவது அது. டெக்கன், கில்டி கியர் ஆடுகிறவர்கள் மூவ் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ரேங்க். எல்லாரும் அதைத்தானே கேட்பார்கள். ரூக்கி, அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், மாஸ்டர் என்று போகும். 25,000 லீக் பாயின்ட் சேர்ந்தால் மாஸ்டர். கீழே இருக்கும்போது கேம் ரொம்பத் தாராளமாக நடந்துகொள்ளும். ரூக்கியில் தோற்றால் புள்ளியே குறையாது, தொடர்ந்து ஜெயித்தால் போனஸ் கிடைக்கும், அதனால் விடாமல் ஆடுகிறவர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டேதான் இருப்பார். ஒரு கேரக்டரில் மாஸ்டரைத் தொட்டுவிட்டால் அந்தக் கேரக்டரில் அதற்குக் கீழே இறங்கவே மாட்டீர்கள். ஆக மாஸ்டரை எட்டியவர்களுக்குள் நேற்று தட்டுத்தடுமாறி ஏறியவரும் இருப்பார், போட்டிகளில் பரிசு வாங்குகிறவரும் இருப்பார். அங்கே பார்க்க வேண்டியது மாஸ்டர் ரேட். எல்லாருக்கும் 1500-ல் தொடங்கி, ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும், செஸ்ஸில் எலோ ரேட்டிங் இருக்கிற மாதிரி.

அந்த எலோ கணக்கு ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லித் தருகிறது. உங்களைவிட 100 புள்ளி மேலே இருப்பவர் உங்களோடு நூறு ஆட்டம் ஆடினால் 64 ஜெயிப்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு. 200 புள்ளி மேலே என்றால் 76. அதாவது நன்றாகவே மேலே இருக்கும் ஒருவரைக்கூட நாலுக்கு ஒன்று நீங்கள் ஜெயிக்கலாம். அந்த ஒன்றை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு "நான் இவரையே ஜெயிச்சவன்" என்று வருடம் முழுக்க ஓட்டுவது நம் வழக்கம். மீதி மூன்றும் எங்கே போயிற்று?

வின் ரேட்டையும் இதே மாதிரிதான் தப்பாகப் படிக்கிறோம். கேம் உங்களுக்குச் சமமான ஆளைத் தேடித்தான் கோர்த்துவிடுகிறது, அதனால் யாராக இருந்தாலும் ஐம்பது சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும். அதிலும் ஒரு நாள் ராத்திரி ஆடிய பத்து மேட்ச்சை வைத்து முடிவுக்கு வருவது சுத்த வீண். அச்சாகச் சமமான இரண்டு பேர் பத்து ஆட்டம் ஆடினால், யாராவது ஒருவர் ஏழோ அதற்கு மேலோ ஜெயிப்பதற்கு 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பார்க்கிற அதே கணக்கு. 7-3 என்று ஒருத்தனை விளாசிவிட்டோம் என்று தூங்கப் போவதும், 3-7 என்று தோற்று கன்ட்ரோலரைத் தூக்கி மெத்தையில் எறிவதும், பாதி நேரம் நாணயம் விழுந்த விதம்தான்.

சரி, நோட்டுக்கு வருவோம். ஜெயித்த மேட்ச் வேண்டாம், அதைப் பார்த்தால் நமக்கு நாமே விசில் அடித்துக்கொண்டிருப்போம். தோற்றதில் கடைசிப் பத்தை எடுங்கள். பொறுக்கி எடுக்கக் கூடாது, வரிசையாக வந்த பத்து. எந்த மேட்ச்சையும் "அது கணக்கில் சேராது" என்று தள்ளக் கூடாது. நான் தள்ளப் பார்த்த இரண்டு மேட்ச்களில்தான் எல்லாமே இருந்தது.

எண்ண வேண்டியதில் முதல் வரி, எதிராளியின் ஜம்ப். எத்தனை முறை தாவி வந்தார், அதில் எத்தனையை அடித்து இறக்கினீர்கள், எத்தனையை பிளாக் செய்தீர்கள், எத்தனையில் அடி வாங்கினீர்கள். இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். அவர் தாவிய நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றும் பக்கத்தில் எழுதுங்கள், ரீப்ளேயை மெதுவாக ஓட்டி, இன்புட்டைத் திரையில் காட்டச் சொல்லி. என் 31-ல் 14 முறை நான் ஹடோக்கன், அதாவது நெருப்புப் பந்து, விட்டுக்கொண்டிருந்தேன். பந்து கையை விட்டுப் போகும்போது அவர் ஏற்கெனவே தலைக்கு மேல். நான் "ரியாக்‌ஷன் போதாது" என்று இத்தனை நாள் நினைத்தது உண்மையில் ரியாக்‌ஷன் பிரச்சினையே கிடையாது. நான் எப்போது பந்து விடுவேன் என்று முன்பின் தெரியாத ஆளுக்கு முப்பது நொடியில் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. சும்மா நின்றுகொண்டிருக்கும்போது வந்த தாவலைத் தவறவிட்டிருந்தால்தான் அது கண்ணும் கையும் சம்பந்தப்பட்டது.

அடுத்த வரி, பனிஷ், அதாவது எதிராளி தப்பு செய்து மாட்டிக்கொண்ட நேரத்தில் கொடுக்கும் பதிலடி. கென் ஆடுகிறவர் பதற்றத்தில் ஹெவி ஷோர்யூக்கன் (எகிறிக் குத்தும் அப்பர்கட்) போடுகிறார், நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள், ஆள் வானத்துக்குப் போய்விட்டு நிதானமாக இறங்கி வருகிறார். காபி குடித்துவிட்டு வந்து அடிக்கலாம். பெரும்பாலான கேரக்டர்களின் உயிர் 10,000. அந்த இடத்தில் நீங்கள் எடுத்தது 300-ஆ, 2000-ஆ, 3000-ஆ என்று எழுதுங்கள். லைட் பஞ்ச் ஒன்று 300 சுமார். த்ரோ (பிடித்து எறிவது) இப்படிப் பனிஷாக விழுந்தால் 2000 சுமார். முழு காம்போ (கோர்த்து அடிக்கும் தொடர் அடி) தெரிந்தவர் 3000-க்கு மேல் எடுத்துவிட்டு உங்களை மூலைக்கும் தள்ளிவிடுவார். என் பத்து மேட்ச்சில் இப்படி 9 சந்தர்ப்பம் வந்திருந்தது. முழு காம்போ 2, த்ரோ 3, லைட் கிக் 3, ஒரு முறை ஒன்றுமே செய்யாமல் நின்றிருக்கிறேன். பிளாக் ஆனதையே நம்பவில்லை போலும்! டிரெய்னிங் மோடில் அதே காம்போ எனக்குப் பத்துக்குப் பத்து வரும்.

இந்த இடைவெளியைத்தான் நான் லெவல் என்று எடுத்துக்கொள்கிறேன். டிரெய்னிங் மோடில் வருவது உங்களுக்குத் தெரிந்தது. மேட்ச்சில், யோசிக்க நேரமில்லாதபோது, கை தானாகப் போடுவதுதான் உங்களிடம் இருப்பது. டிரைவ் இம்பாக்டை (எதிராளியின் அடியைத் தாங்கிக்கொண்டே வந்து விழும் பலத்த அடி) வைத்து இதைச் சுலபமாக அளந்துவிடலாம். கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது, டிரைவ் இம்பாக்ட் விழ 26 ஃப்ரேம், அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. எதிர்பார்த்திருக்கும் ஒன்றைக் கண்ணால் பார்த்து பட்டனை அமுக்க மனிதனுக்குக் கால் நொடி போதும், அதாவது 15 ஃப்ரேம். ஆக நேரம் இருக்கிறது. டம்மிக்கு மூன்று நாலு அசைவுகளைப் பதிவுசெய்து, அதில் ஒன்றாக டிரைவ் இம்பாக்டையும் வைத்து, மாற்றி மாற்றி வரச் சொல்லுங்கள். பத்துக்கு எத்தனையைத் திருப்பி அடிக்கிறீர்கள் என்று குறியுங்கள். பிறகு ரீப்ளேயில் அதே கணக்கு. எனக்கு டிரெய்னிங் மோடில் 9, மேட்ச்சில் ஏழுக்கு 2. இப்படி இருந்தால் கை சரியாகத்தான் இருக்கிறது, மேட்ச்சில் கவனம் முழுக்க அடுத்த காம்போவை யோசிப்பதிலேயே போய்விடுகிறது என்று அர்த்தம். டிரெய்னிங் மோடிலேயே 4 என்றால் அது வேறு கதை, அங்கேயே உட்கார்ந்து பழகவேண்டியதுதான்.

இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளலாம். எத்தனை முறை பர்ன்அவுட் ஆனீர்கள் (டிரைவ் மீட்டர் காலியாகிக் கொஞ்ச நேரம் முடங்குவது), அதில் எத்தனை நீங்களே செலவழித்து ஆனது. அப்புறம் எத்தனை த்ரோ வாங்கினீர்கள். மாடர்ன் கன்ட்ரோலில் (சுலபமாக்கிய பட்டன் முறை) ஆடுகிறவர்களுக்கு ஜம்ப் கணக்கு கொஞ்சம் நன்றாகவே வரும், அப்பர்கட் ஒரே பட்டனில் வருகிறதே. அப்படி ஒரே பட்டனில் போடும் மூவின் டேமேஜ் 20 சதவீதம் குறையும், அது கேம் வாங்கிக்கொள்ளும் விலை. உங்கள் எண்ணை கிளாசிக் ஆடுகிறவரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ரீப்ளேயில் தெரியாத ஒன்று இருக்கிறது: உங்களை ஒருவர் படித்துவிட்டால் என்ன ஆகிறீர்கள் என்பது. ரேங்க் மேட்ச்சில் ஒரே ஆளோடு அதிகபட்சம் மூன்று ஆட்டம், அதற்குள் ஹோண்டாவின் தலைமுட்டலையோ பிளாங்காவின் உருளலையோ எப்படிச் சமாளிப்பது என்று தெரியாத ஆள் தோற்றுப் போய்விடுவார், நீங்களும் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு போவீர்கள். அதனால் உங்களைவிட ஒரு கை மேலான ஒருவரைப் பிடித்து, யார் முதலில் பத்து ஜெயிக்கிறார்கள் என்று ஆடுங்கள். மொத்த ஸ்கோரை விடுங்கள். முதல் மூன்று ஆட்டத்தையும் கடைசி மூன்று ஆட்டத்தையும் ஒப்பிடுங்கள். எனக்கு 2-1 என்று தொடங்கி 4-10 என்று முடிந்தது. முதல் மூன்றில் இருந்தது என் வித்தைகள், அப்புறம் நடந்ததுதான் என் ஆட்டம்.

முடிந்ததும் அவரிடம் "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், நல்லா இருந்தது என்றுதான் சொல்வார். "அண்ணே, என்னை அடிக்கணும்னா எதைக் குறி வைப்பீங்க?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில்: "நீ கீழே விழுந்து எழுந்தா அப்பர்கட்தான் போடுவ தம்பி. நாலாவது ஆட்டத்துக்கு அப்புறம் நான் அடிக்க வரவே இல்லை, சும்மா பிளாக்கில் நின்னேன், கவனிச்சியா?" கவனிக்கவில்லை.

யாரோடு ஆடுகிறீர்கள் என்பதும் கணக்கில் உண்டு. டெக்கன் 7-ல் 2019 பிப்ரவரியில் எவோ ஜப்பான், ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் எவோ (ஃபைட்டிங் கேம்களின் பெரிய போட்டி), இரண்டையும் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் ஜெயித்தார். அதற்கு முன் வெளியே அவரை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஜெயித்துவிட்டு, எங்கள் ஊரில் இன்னும் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். எவோ இறுதியில் அவரிடம் தோற்ற தென் கொரிய ஜாம்பவான் நீ (முழங்கால் என்ற பொருளில் வைத்துக்கொண்ட பெயர், நம்மைச் சொல்லவில்லை) பாகிஸ்தானுக்கே போய் ஆடிப் பார்த்தார். வெளியுலகம் பெயர் கேள்விப்படாத ஆட்களிடமும் தோற்றார். அர்ஸ்லான் சொன்னது தன்னடக்கம் இல்லை என்பது 2023-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த டெக்கன் வேர்ல்ட் டூர் இறுதியைப் பாகிஸ்தானின் ஆதிஃப் பட் ஜெயித்தபோது இன்னொரு முறை தெரிந்தது. லாகூரில் ஐந்தாவது இடத்தில் இருந்த ஒருவர் தன் வட்டத்தை மட்டும் பார்த்துத் தன்னைச் சுமார் என்று நினைத்திருக்கக்கூடும். நம் கதை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்: நண்பர்கள் ஐந்து பேரில் முதல் ஆள், ஆன்லைன் போனால் சில்வர்.

ஒரு போட்டியில் பெயர் கொடுத்துப் பார்ப்பதும் நல்லது, ஆனால் முதல் போட்டியில் ஒரு செட்கூட ஜெயிக்காமல் வெளியே வந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டபுள் எலிமினேஷன் (இரண்டு முறை தோற்றால்தான் வெளியே) போட்டியில் 64 பேர் என்றால் முதல் சுற்றில் 32 பேர் தோற்பார்கள், அந்த 32 பேர் தங்களுக்குள் ஆடி 16 பேர் வெளியேறுவார்கள். நாலில் ஒருவர் ஒரு வெற்றியும் இல்லாமல் வீடு திரும்பியே ஆகவேண்டும், அட்டவணை போட்டபோதே அது முடிவாகிவிட்டது. 2004 எவோவில் ஜப்பானின் டைகோ உமெஹரா, ஜஸ்டின் வாங்கின் சூப்பர் தாக்குதலை ஒவ்வொரு அடியாகப் பேரி செய்த (சரியான நொடியில் தட்டிவிட்ட) கிளிப்பை உலகமே பார்த்திருக்கிறது. அந்த ஆண்டு அந்தப் போட்டியின் இறுதியில் டைகோ தோற்றார் என்பது பலருக்கு ஞாபகமில்லை. ஒரு கிளிப்பை வைத்து டைகோவையே எடைபோட முடியாது, உங்கள் போனில் இருக்கும் கிளிப் எம்மாத்திரம்.

கடைசியாக ஒரு சோதனை, கொஞ்சம் கசக்கும். கேரக்டரை மாற்றி இருபது மேட்ச் ஆடுங்கள். காம்போ எல்லாம் போய்விடும், அது போகட்டும். எதிராளி தாவுவது கண்ணில் படுகிறதா, தூரம் பிடிபடுகிறதா, மூலையில் மாட்டினால் பட்டனைப் பிராண்டாமல் இருக்க முடிகிறதா? அங்கே மிச்சம் இருப்பது உங்களுடையது, காணாமல் போனது பழைய கேரக்டருடையது.

இந்த நோட்டை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்தால் போதும், தினமும் எண்ணினால் ஆடவே பிடிக்காது. என் இரண்டாவது பக்கத்தில் தாவல் 27, இறக்கியது 14. ரேங்க் இன்னும் பிளாட்டினம்தான். பர்ன்அவுட் மட்டும் 8-லிருந்து 13 ஆகியிருக்கிறது, எதனால் என்று புரியவில்லை, அடுத்த பத்துத் தோல்வியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், ஆறு வந்துவிட்டது.